எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்)-இல் ஒரு வார்த்தை உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறதா? அனுபவத்தைப் பகிருங்கள்

செபாங்வாசி:
2013 மலேசியா. மல்டி 21 கதை எல்லோருக்கும் தெரியும். நான் அன்று மெயின் ஸ்டாண்டில் இருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன். டயர் மாற்றும் கடைசி பிட் ஸ்டாப் முடிந்து ரெட் புல் அணியின் வெப்பர் முன்னால், அதே அணியின் வெட்டல் பின்னால். சரி, ரெட் புல்லுக்கு முதல் இரண்டு இடமும் உறுதி, இனி இரண்டு பேரும் எஞ்சினைத் தணித்து ஓட்டுவார்கள் என்று பக்கத்து அண்ணன் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அப்போது எங்கள் கண்ணெதிரே, பிட் சுவருக்கும் வெப்பர் காருக்கும் இடையில் வெட்டல் நுழைந்தார். இடைவெளி என்று சொல்லவே முடியாது. ஸ்டாண்டே எழுந்து நின்றது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்புறம் பார்த்தால் போடியத்தில் மூன்று பேருக்கும் துக்க வீட்டு முகம். மூன்றாவதாக வந்த ஹாமில்டன்கூட, இங்கே என் அணித் தோழர் ராஸ்பெர்க் நின்றிருக்க வேண்டும் என்று பேசினார். ஒன்றும் புரியவில்லை. இரவு வீட்டுக்கு வந்து செய்தி பார்த்தபோதுதான் தெரிந்தது: 2-ஆம் எண் கார் முன்னால், 1-ஆம் எண் கார் பின்னால், அப்படியே முடியுங்கள் என்று அணி கொடுத்த உத்தரவுதான் 'மல்டி 21' என்ற அந்தச் சங்கேதம். 2 வெப்பர், 1 வெட்டல். அன்றைய தினத்தின் ஆகச் சிறந்த மோதல் நடந்திருக்கவே கூடாத ஒன்று. டிக்கெட் வாங்கியவனுக்கு யார் சொல்வது இதை?

கோவை கார்ட்டிங்:
செபாங் (மலேசியப் பந்தயம் நடந்த தளம்) என்றாலே 2013-தானா? அதற்கு முந்தைய வருடம் மழையில் நடந்ததை மறந்துவிட்டீர்களே. நம்ம நாரெய்ன் கார்த்திகேயன், ஹெச்ஆர்டி அணியின் காரில். அந்த வருட முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில் 107 சதவீத விதியில் (தகுதிச் சுற்றில் அதிவேக நேரத்தின் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும்) சிக்கி அந்தக் கார் தொடக்க வரிசைக்கே வரவில்லை. செபாங்கில் மற்றவர்கள் லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயரில் கிளம்ப, இவர் கனமழைக்கான ஃபுல் வெட் டயரில் கிளம்பினார். மழை கொட்டியது, சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியபோது திரையில் 10-ஆவது இடத்தில் கார்த்திகேயன். ஹாஸ்டல் டிவி அறையில் யாரும் உட்காரவில்லை. மறுபடி தொடங்கிய பிறகு என்ன ஆனது என்று தெரியும். முதலில் இன்னொரு ஓட்டுநர் பட்டன் வந்து இடித்தார். கடைசியில் ஒரு சுற்று முந்த வந்த வெட்டலோடு உரசல், வெட்டலுக்கு டயர் போச்சு. தண்டனை யாருக்கு? நாரெய்னுக்கு 20 விநாடி. நீலக் கொடி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிகிறது. கடைசியில் ஓடுகிறவன் மனிதன் இல்லையா?

கொடிக்காரன்:
கார்ட்டிங் தம்பி, கோபம் புரிகிறது, ஆனால் நீலக் கொடி அவமானம் இல்லை. ஒரு சுற்று கூடுதலாக ஓடிய கார் பின்னால் வருகிறது, கிடைக்கிற முதல் வாய்ப்பில் வழிவிடு, அவ்வளவுதான். எஃப்1-இல் மூன்று கொடிகளை அலட்சியம் செய்தால் தண்டனை. நான் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் கொடி காட்டும் மார்ஷலாக நின்று இதை ஆட்டியவன். ஒருமுறை ஒரு பையன் ஹெல்மெட்டைத் திருப்பி என் முகத்தையே பார்த்தான். பார்த்துவிட்டு, வழிவிடாமல் போனான். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அது இருக்கட்டும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், முன்னால் ஓடுகிற காரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டைமிங் பட்டியலைத் திறந்து வையுங்கள். ஊதா நிறம் வந்தால் அந்தப் பகுதியை அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகக் கடக்கவில்லை, பச்சை என்றால் அந்த ஓட்டுநருக்கே அது சிறந்த நேரம், மஞ்சள் என்றால் முன்னேற்றம் இல்லை. அடுத்து இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. பின்னால் இருப்பவர் முதலில் பிட்டுக்குள் போய்ப் புது டயரில் ஒரு சுற்று பறந்தால், முன்னால் இருப்பவர் தேய்ந்த டயரில் அதே சுற்றை ஓட்டித் திணறுவார். அவரும் பிட்டுக்குள் போய் வெளியே வரும்போது இடம் மாறியிருக்கும். இதுதான் அண்டர்கட். டயர் சூடேற நேரம் பிடிக்கும் இடங்களில் இதே கணக்கு தலைகீழாகும், அங்கே தாமதமாகப் போகிறவருக்குத்தான் லாபம், அது ஓவர்கட். மொனாக்கோவில் பாருங்கள். டயரில் இழை இழையாக உரிவது கிரெய்னிங், சூட்டில் கொப்புளம் போடுவது பிளிஸ்டரிங், இரண்டையும் குழப்பாதீர்கள். ரேசிங் லைனுக்கு வெளியே கிடக்கும் ரப்பர் துணுக்குகள் மார்பிள்ஸ். பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் வேண்டுமென்றே அதன்மேல் ஓட்டுவார்கள், டயரில் ஒட்டிக்கொண்டால் எடை போடும்போது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

மரினா பே மணி:
யாரும் கேட்கவில்லை சார் 😄 ஆனால் அண்டர்கட் என்றதும் 2019 சிங்கப்பூர் ஞாபகம் வந்துவிட்டது. பிட் வெளிவாசல் பக்கம் சீட். ஃபெராரியின் லெக்லெர் போலில் (தொடக்க வரிசையின் முதல் இடத்தில்) தொடங்கி முன்னால், ஹாமில்டன் இரண்டாவது, அப்போது ஃபெராரியில் இருந்த வெட்டல் மூன்றாவது. வெட்டலை ஃபெராரி முதலில் உள்ளே கூப்பிட்டது. அடுத்த சுற்றில் லெக்லெர். அவர் பிட் லேனிலிருந்து வெளியே வர, வெட்டல் பக்கத்தில் சர்ரென்று கடந்து போய்விட்டார். முந்த வந்தவர் எதிரி அணி இல்லை, அதே சிவப்புக் கார். என் முன் வரிசையில் லெக்லெர் தொப்பி போட்டிருந்த பெண் 'வாட்?' என்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள், நாங்கள் என்ன பதில் சொல்வது? ரேடியோவில் லெக்லெரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். வெட்டலுக்கு அதுதான் கடைசி வெற்றி என்று அன்று யாருக்குத் தெரியும்.

பஸ்காரர் மகன்:
என்னுடையது சின்னது. 2022 பாகு, போர்பாய்சிங் வருடம். காரின் அடித்தளம் தரையோடு உறிஞ்சப்பட்டு, காற்று அடைபட்டு, பிடி விட்டு எழும்பி, மறுபடி உறிஞ்சப்பட்டு... நேர்ப்பாதை முழுக்கக் குதித்துக்கொண்டே போகும். பந்தயம் முடிந்து ஹாமில்டன் காரிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். எங்கப்பா அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எஃப்1 பக்கமே தலை வைத்துப் படுக்காதவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "டேய், இவன் எந்த டெப்போ?" என்றார். அன்றிலிருந்து ஞாயிறானால் எனக்கு முன்னால் டிவி முன் உட்கார்ந்துவிடுகிறார்.

கோவை கார்ட்டிங்:
அப்பா சூப்பர் 👏 கொடிக்காரன் சார், விதி சரி. சாலையில் இருப்பதைப் போல இங்கேயும் சில வெள்ளரிக்காய்கள் (ஓட்டத் தெரியாதவர்கள் என்ற கிண்டல்) வண்டி ஓட்டுகின்றன என்று 2012 செபாங்கில் நாரெய்னைப் பற்றி வெட்டல் சொன்னாரே, அதற்கு எந்தக் கொடி?