கேழ்வரகுப் பயிரிடம் மன உறுதி கற்கலாமா?

பென்னாகரம் உழவர்:
ஆடியில் விதைத்த மானாவாரிக் கேழ்வரகு, அடுத்த மழை பொய்த்துவிட்டால் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைக் கொல்லையில் நின்று பார்த்தவருக்கு, துன்பத்தைத் தாங்குவது பற்றித் தனியாக ஓர் ஆன்மிக உபதேசம் தேவையில்லை என்று கருதுகிறேன். உச்சி வெயிலில் ஒவ்வொரு தாளும் உள்நோக்கிச் சுருண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்து, உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. பொழுது சாய்ந்ததும் மெல்ல விரிகிறது. வறட்சி நீண்டால் கீழ்த்தாள்கள் காய்ந்துபோகும், ஆனால் குருத்து பச்சையாகவே இருக்கும். ஒரு நல்ல மழை இறங்கியதும் அந்தக் குருத்திலிருந்து புதுத்தாள் எழும். எல்லாவற்றையும் பிடித்துவைக்க முயலாமல் குருத்தை மட்டும் விடாமல் காக்கும் இந்த ஒழுங்கை இறைவன் நம் கண்முன்னே எழுதிவைத்திருக்கிறான் என்றே நம்புகிறேன். வள்ளுவரும் இடுக்கண் அழியாமைக்கு உவமையாக, தடைபட்ட இடமெல்லாம் முனைந்து வண்டியிழுக்கும் எருதைத்தானே காட்டினார்? 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து' என்பது குறள்.

அரூர் வாசகி:
ஐயா, பயிரைப் பற்றி நீங்கள் எழுதியது முழுவதும் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பது நாம் அனைவரும் அறிந்தது. அந்த நீரையே ஆண்டாண்டுக் காலமாகக் குடித்து, சிறு வயதிலேயே பல் பழுப்பேறியவர்களும், மூட்டு இறுகி முதுகை நிமிர்த்த முடியாமல் போனவர்களும் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்குப் பொறுமையிலா குறை இருந்தது? 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரி நீர் குழாயில் வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. குழாயைக் கேட்டு வாங்க வேண்டிய மக்களிடம் பயிரைப் பார்த்துத் தாங்கப் பழகு என்று சொல்வது எனக்கு அச்சமூட்டுகிறது.

நீங்கள் சுட்டிய எருதுக்கும் பாரம் ஏற்றியவர் வேறொருவர். வாடிய பயிரைக் கண்டவர்களில் தமிழ் மறக்காத ஒருவர் வள்ளலார். 'வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன்' என்றாரே தவிர, பயிரின் பொறுமையை அவர் வியக்கவில்லை. அந்த வாட்டம் 1867-இல் வடலூரில் தருமசாலையாகி, அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறது. இயற்கையைப் பார்ப்பதில் ஆன்மிகம் உண்டென்றால், எனக்கு அது இந்த வழியில்தான் தெரிகிறது.

காவேரிப்பட்டினம் தோப்புக்காரர்:
இருவரும் வறட்சியை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மாந்தோப்பில் அது அப்படி இல்லை. பூவெடுக்கும் பருவத்துக்கு முன்னால் நாங்களே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துகிறோம். அப்போது நீர் மிகுந்தால் பெங்களூரா மாவோ செந்தூரா மாவோ பூவுக்குப் பதிலாகக் கொழுந்தாகத் தள்ளிவிடும். ஆனால் பிஞ்சு பிடித்த பிறகு அதே வறட்சி நேர்ந்தால், காலையில் மரத்தடி முழுக்கப் பிஞ்சு உதிர்ந்து கிடக்கும். அப்போது டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோமே தவிர, மரத்தின் உறுதியைப் பார்த்துக் கைகட்டி நிற்பதில்லை. கேழ்வரகும் கதிர் வாங்கும் நேரத்தில் காய்ந்தால் மணி பிடிக்காமல் சாவியாகித்தானே போகிறது? எது வரை தாங்கும், எந்த நாளில் முறியும் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இயற்கையைப் படித்ததாகும்.

பென்னாகரம் உழவர்:
தோப்புக்காரர் சொன்னதை மறுக்க ஒன்றுமில்லை. சாவியான கதிரைக் கையில் உருவிப் பார்த்தவன் நான். மணி இல்லாத அந்தக் கதிரின் எடையின்மை எனக்குத் தெரியும். ஆனால் வாசகி அம்மா குறளைப் படித்த விதம் சரியன்று. அந்த எருது பாரத்தோடு அசையாமல் நிற்கவில்லை, இழுக்கிறது. இடுக்கண் அழியாமைக்கு முந்தைய அதிகாரம் ஆள்வினையுடைமை. முயற்சியைச் சொல்லிவிட்டுத்தான் வள்ளுவர் கலங்காமையைச் சொல்கிறார். குடிநீருக்காக மனு எழுதியவர்களும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களும், குருத்துப் பச்சையாக இருந்ததால்தானே அலைய முடிந்தது? விளைச்சல் பொய்த்துப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படும் குடும்பத்திடம் நான் பயிரின் கதையைச் சொல்ல மாட்டேன், வீட்டிலிருக்கும் ராகியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் என் கொல்லை காய்ந்த இரவில் நான் நினைத்துக்கொள்வதற்கு அந்தக் குருத்து வேண்டும். அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட என்னால் முடியாது.

அரூர் வாசகி:
உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன், ஐயா. ஆனால் இந்தப் பாடம் அவரவர் மனத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதே என் கவலை. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்ற பழமொழியை எங்கள் ஊரில் பெரும்பாலும் யார் யாரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அடி வாங்கித் தாய்வீடு திரும்பிய பெண்ணிடம் பெரியவர்கள் சொல்கிறார்கள். கூலி பாக்கியைக் கேட்டவரிடம் கூலி தர வேண்டியவர் சொல்கிறார். அடித்தவனிடம் போய் யாரும் பூமியின் பொறுமையைப் பேசிக் கேட்டதில்லை. நீங்கள் பிறருக்கு ராகி கொண்டுபோகிறவர்; பயிரைக் காட்டிப் பேசுகிற எல்லோரும் அப்படிக் கொண்டுபோகிறார்களா என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.