கலைச்சொல் வேண்டும்: குளக்கரைக்குக் கொண்டுபோகும் 'ஸீன்' பெட்டிக்கு

குழுமத்தாருக்கு வணக்கம்.

நாங்கள் சில பேர் சேர்ந்து கோவையில் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சிங்காநல்லூர் குளக்கரை, மருதமலை அடிவாரம், எப்போதாவது ஆனைகட்டிப் பக்கம். பெட்டிக்குள் இருப்பவை ஆங்கிலத்தில் 'ஸீன்' (zine) எனப்படுபவை. ஒருவரே எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் போட்டு, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து வெளியிடும் சின்னப் பிரதிகள். கரையில் பாய் விரித்துப் பெட்டியைத் திறந்து வைப்போம். உட்கார்ந்து படிக்கலாம். தான் செய்த ஒன்றை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போகலாம். உறுப்பினர் அட்டை, தவணைத் தேதி எதுவும் கிடையாது.

பெட்டிமேல் தமிழில் பெயர் எழுத வேண்டும். 'ஸீன் நூலகம்' என்று அட்டையில் எழுதி வைத்துப் பார்த்தோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர் ஒருவர், "என்னம்மா, காலங்காத்தால சீன் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். 'ஜீன்' என்று எழுதினால் மரபணு ஆகிவிடும். 'மொபைல் லைப்ரரி' என்றால் போனில் படிப்பது என்று நினைத்து க்யூஆர் கோடு எங்கே என்கிறார்கள். ஸீனுக்கு ஒரு சொல்லும், அதை மரமும் தண்ணீரும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் நூலகத்துக்கு ஒரு சொல்லும் தந்து உதவுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து

---

அம்மணி, வாழ்க.

இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இல்லாத சொல்லுக்கு ஏன் அலைய வேண்டும்? 'சிற்றிதழ்' இருக்கிறது. 'நடமாடும் நூலகம்' அதைவிடப் பழையது. 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் காலத்து முயற்சி அது. இரண்டையும் சேர்த்தால் 'நடமாடும் சிற்றிதழ் நூலகம்'. பெட்டியில் இடம் போதவில்லை என்றால் பெரிய பெட்டி வாங்குங்கள்.

தஞ்சையிலிருந்து, புலவர்

---

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

> 'சிற்றிதழ்' இருக்கிறது.

இருக்கிறது ஐயா, ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்கள். சிற்றிதழ் என்றதும் 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி'யும் 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழும்தான் வாசகருக்கு நினைவு வரும். அதற்கு ஆசிரியர் உண்டு, சந்தா உண்டு, படைப்புகள் கேட்டு வாங்குவது உண்டு, இலக்கியச் சண்டை கட்டாயம் உண்டு. ஸீன் வந்த வழி வேறு. 1930-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட தாள்களில் தொடங்கியது. 1940-இல் அதற்கு 'ஃபேன்ஸீன்' என்று பெயர் விழுந்தது. 1976-இல் லண்டன் பங்க் இசை ரசிகர்கள் கைக்குக் கிடைத்த தட்டச்சுப் பொறியிலும் ஸ்கெட்ச் பேனாவிலும் அடித்துத் தள்ளினார்கள். எழுதத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும் என்பதே அங்கு கிடையாது.

எங்கள் பெட்டியில் இருப்பதில் எனக்குப் பிடித்தது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்த எறும்புப் புற்று ஸீன். ஒரே ஒரு ஏ4 தாள். மூன்று முறை மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு, எட்டுப் பக்கம். பசை இல்லை, பின் இல்லை. நாலாம் பக்கத்தில் செவ்வெறும்பு கடித்த தன் விரலை அச்சாகப் பதித்திருக்கிறான். அடுத்த இதழ் எப்போது என்று கேட்டேன். "அவ்வளவுதான்க்கா, முடிஞ்சிருச்சு" என்றான். இதைச் சிற்றிதழ் என்றால் அவனுக்கும் பொருந்தாது, சிற்றிதழ்க்காரர்களுக்கும் பொருந்தாது.

---

தங்கச்சிக்கு வணக்கம். சிவகாசியிலிருந்து எழுதுகிறேன், அச்சகத்துக்காரன்.

பையன் சொன்னதுதான் விஷயம். 'இதழ்' என்றாலே அடுத்தது எப்போது என்று கேட்கத் தோன்றும். சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. 1867-ஆம் ஆண்டு அச்சு, புத்தகப் பதிவுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-இல் புதுச் சட்டம் வந்தது. பொதுச் செய்தியையோ அதன்மேல் கருத்தையோ ஒழுங்கான இடைவெளியில் வெளியிட்டால்தான் அது பருவ இதழ், அதற்குத்தான் பதிவு. எறும்புப் புற்று அதில் வராது. ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் 'இதழ்' என்று இருந்தால், பதிவெண் எங்கே என்று கேட்க ஓர் ஆள் கிளம்பி வருவான். எங்கள் தொழிலில் நிறையப் பார்த்தாச்சு.

அதனால் நான் சொல்வது 'மடியேடு'. மடித்துச் செய்கிற ஏடு, மடியில் வைத்துப் படிக்கிற ஏடு. 

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன். குளக்கரை ஈரத்துக்கு ஸ்டேப்ளர் பின் துரு ஏறி மடிப்போரம் பழுப்புக் கறை விழும். தையல் நூலால் மூன்று துளைத் தையல் போடுங்கள். ஜெராக்ஸ் பிரதியை பி.வி.சி. உறையில் போடாதீர்கள். வெயில் பட்டால் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிபுரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். இன்க்ஜெட் பிரதியென்றால் பனித்துளிக்கே கரையும்.

---

அண்ணாச்சி, தையல் யோசனைக்கு நன்றி, இந்த வாரமே ஊசி எடுத்துவிட்டோம். காற்றுக்கும் ஒரு வழி பிடித்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அம்மியையே தூக்குமே, எழுபது ஜிஎஸ்எம் தாளை விட்டுவைக்குமா? இரண்டு மரத்துக்கு நடுவில் கொடி கட்டித் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிடுகிறோம். ஆணி அடிப்பதில்லை.

'மடியேடு' காதுக்கு இனிக்கிறது. ஆனால் மடிக்கணினி வந்தபிறகு 'மடி' மின்சாரத்தோடு ஒட்டிக்கொண்டது. மின்னூல் படிக்கும் கருவி என்றுதான் நினைப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன், "மடி ஆசாரமா?" என்றாள்.

---

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன்.

எங்கட பக்கம் மகசினுக்குச் சஞ்சிகை எண்டுதான் சொல்லுறது. ஆங்கிலக்காரன் மகசினின்ர தலையை வெட்டி வாலை வைச்சுக்கொண்ட மாதிரி நாங்களும் சஞ்சிகையை வெட்டினால் 'சிகை' மிஞ்சும். பெட்டியோட கத்தரிக்கோலும் வைச்சிருக்கிறியள், சனம் தலைமயிர் வெட்ட வந்து நிக்கும்.

பகிடி போகட்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில கையெழுத்துச் சஞ்சிகை செய்தனாங்கள். ஒரே ஒரு பிரதி, வகுப்பு முழுக்கச் சுத்தி வரும். பிறகு ஸ்டென்சில் வெட்டி றோனியோ மெசினில உருட்டினம். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் அச்சுத்தாள் இல்லாமல் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில வந்தது. ஆர் செய்தது, கையில என்ன இருந்தது எண்டது தாளைப் பார்த்தாலே விளங்கும். உங்கட ஸீனுக்கும் அதுதான் அடையாளம் எண்டு நினைக்கிறன், சின்னன் பெரிசு இல்லை. அதால 'கை' எண்ட எழுத்தை விடாதையுங்கோ. கையெழுத்து இதழ் எண்டதில நடு எழுத்துகளை எடுத்துவிட்டால் 'கையிதழ்'.

'நடமாடும்' எண்டது இஞ்ச அரசாங்கத்தின்ர சொல். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எடுக்கிற 'நடமாடும் சேவை' தான் ஞாபகம் வரும். படிவத்தோட வந்து வரிசையில நிப்பினம்.

---

அக்கா, கையிதழை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சியின் பயத்துக்குப் பதில்: பூவுக்கும் இதழ் உண்டு, உதடும் இதழ்தான். பருவந்தோறும் வரவேண்டும் என்பது சொல்லில் இல்லை, பத்திரிகைத் தொழில் பின்னால் ஏற்றியது. 'கை' முன்னால் நிற்பதால் அச்சகத்து வேலை இல்லை என்பதும் தெரிந்துவிடும். சொன்னவுடன் வாயில் ஒட்டுகிறதா என்று குளக்கரையில் சோதித்தோம். கடலைக்காரர், "கையிதழா, கையில செஞ்சதா?" என்று கேட்டார். விளக்கம் சொல்லும் வேலை எங்களுக்கு வைக்கவில்லை. செய்பவரைக் கையிதழர் எனலாம். கொஞ்சம் மிடுக்காக இருக்கிறது, ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பிடித்திருக்கிறது.

நூலகத்துக்குத்தான் இழுபறி. 'வன நூலகம்' என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆனைகட்டியில் நாங்கள் உட்காருவது சாலையோரப் பட்டா நிலத்தில், தெரிந்தவர் தோட்டத்தில். பெயரே பொய் சொல்லக் கூடாது. 'மரத்தடி நூலகம்' அழகுதான், ஆனால் மரத்தடி ஓரிடத்தில் நிற்கும், நாங்கள் நிற்பதில்லை. 'இயற்கைச் சூழல் நூலகம்' என்றால் பாடப்புத்தக வாசனை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் 2005 வரை பழைய ஏர்ஸ்ட்ரீம் இழுவண்டியில் இதே வேலையைச் செய்தவர்கள் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கோத்து 'மொபிலிவ்ர்-புக்மொபைல்' என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வண்டி இருந்தது. எங்களுக்கு இருப்பது பெட்டி. ஆகவே பொருளுக்குக் 'கையிதழ்ப் பெட்டி', அதைத் தூக்கிக்கொண்டு போகும் நிகழ்ச்சிக்குக் 'கையிதழ் உலா'. எங்கே போகிறோம் என்பதை நாளுக்கு நாள் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: குளக்கரைக் கையிதழ் உலா, மலையடிவாரக் கையிதழ் உலா.

---

அம்மணி, கையிதழை ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்கு முன் ஒற்று மிகும், பெயின்டர் 'ப்' போடாமல் விட்டுவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

'உலா' வேண்டாம். தலைவன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் மயங்குவது உலா. உங்கள் தகரப் பெட்டியைக் கண்டு யார் மயங்கப் போகிறார்கள்?

---

ஐயா, போன ஞாயிறு ஐந்து வயதுப் பேத்தியோடு ஒரு பாட்டி வந்தார். இருவரும் பத்தரை மணி வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் இருக்கும் ஐந்து பருவத்துக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். 'உலா'வை விடமாட்டோம்.

விக்சனரி இணைய அகராதியில் 'கையிதழ்' பக்கத்தை நானே தொடங்கிவிடவா? அண்ணாச்சி, தாள் மடிப்புக்கு உங்கள் அச்சகத்தில் என்ன பெயர்கள் புழங்குகின்றன என்று எழுதி அனுப்பினால் அதையும் தனி இழையாகப் பேசலாம். பெயின்டர் வெள்ளிக்கிழமை வருகிறார்.