பொண்ணுக்கு ஏடிஹெச்டி, 44 வயசுல எனக்கும் இருக்குமோ? பீரியட்ஸ் தாறுமாறானதுலேர்ந்து ரொம்ப மோசம்

மன்னார்குடி மருமக:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பத்தாவது படிக்கிறா, ஏடிஹெச்டின்னு சொல்லிருக்காங்க, அதான் கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறு, ஓடியாடுற வகை இல்ல, கிளாஸ்ல ஜன்னல பாத்துகிட்டே உக்காந்திருக்கிற வகை. டாக்டர் அவளப் பத்தி ஒவ்வொண்ணா கேக்க கேக்க எனக்கு திக்குனு ஆயிடுச்சு, அத்தனையும் நான்தான். சொசைட்டில நகைய வச்சிருக்கேன், கையில பணமும் இருக்கு, ஆனா நோட்டீஸ் வந்தபெறகுதான் வட்டி கட்ட ஓடுவேன். சின்னதுலேர்ந்தே இப்படித்தான், எப்படியோ சமாளிச்சேன். இப்ப பீரியட்ஸ் முன்ன பின்ன வர ஆரம்பிச்சதுலேர்ந்து முடியல, தூக்கம் இல்ல, மகளிர் குழு கணக்கு நோட்டு எங்கிட்டதான் இருக்கு, சந்தா வாங்கிகிட்டே இருக்கும்போது பாதில யாருகிட்ட வாங்கினேன்னே தெரியாம முழிக்கிறேன். அத்தை "ஒனக்கு எதுலதான் புத்தி நிக்குது"ங்கிறாங்க, கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்குறதுதான், இப்ப அழுகையா வருது. இது மெனோபாஸா ஏடிஹெச்டியா? இந்த வயசுல போயி கேட்டா சிரிப்பாங்களா? மாத்திரை ஆரம்பிச்சா காலம்பூரா போடணுமா?

வெண்ணாத்தங்கரை:
வயசானா எல்லாருக்கும் மறதிதாம்மா. எங்கம்மா சாவிய இடுப்புல சொருகிகிட்டு வீடு பூரா தேடும். இப்ப எல்லாத்துக்கும் ஒரு பேர வச்சு மாத்திரை விக்கிறானுவ. வல்லாரை சாப்பிடுங்க, போன தள்ளி வைங்க.

கும்மோணம் நர்ஸ்:
அண்ணே கீரை நல்லதுதான், ஆனா அக்கா கேட்டது அது இல்லையே. மறதி புதுசா வந்தா அது வேற கதை, சின்னதுலேர்ந்தே இருந்து இப்ப கூடுச்சுன்னா வேற கதை. ஏடிஹெச்டி 40 வயசுல திடீர்னு மொளைக்காது, 12 வயசுக்கு முன்னயே அடையாளம் இருந்திருக்கணும்னு 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதான் மனநல டாக்டருங்க நோய கண்டுபுடிக்க வச்சுக்குற புத்தகம், சொல்லுது, முன்ன 7 வயசுன்னு வச்சிருந்தாங்க. பரம்பரையா வர்றதும் ஜாஸ்தி, அதனால பொண்ணுக்கு இருந்து அம்மாவுக்கும் இருக்குறதுல ஆச்சரியம் இல்ல. நம்ம காலத்துல பொம்பளப் புள்ள சத்தம் போடாம உக்காந்திருந்தா நல்ல புள்ளன்னு விட்டுடுவாங்க, பெறகு பெரியவளானதும் படபடப்பு, டிப்ரஷன்னு அதுக்கு மட்டும் மருந்து குடுத்து அனுப்புறது, வார்டுல இத நெறைய பாக்குறோம்.

பீரியட்ஸ் சமாச்சாரம் என்னன்னா, கவனத்துக்கு மூளைல டோபமைன்னு ஒரு ரசாயனம் வேணும், அது ஒழுங்கா வேலை செய்ய பொம்பளைங்க ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் ஒத்தாசை பண்ணுது. ஈஸ்ட்ரோஜன் ஏறி எறங்கும்போது ஏற்கனவே தடுமாறுற கவனம் இன்னும் தடுமாறும். ஆனா மெனோபாஸ் நெருங்கும்போது ஏடிஹெச்டி இல்லாதவங்களுக்கும் மறதியும் தூக்கக்கேடும் வரும்கா, ரெண்டும் சேந்தும் இருக்கலாம், நம்மளா முடிவு பண்ணக்கூடாது. மொதல்ல தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பாத்துடுங்க, ரத்தப்போக்கு அதிகம்னா சோகையே ஆள அடிச்சுப்போட்டுடும். அப்புறம் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவு ஓபிக்கு போங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. பழைய ரேங்க் கார்டு இருந்தா எடுத்துட்டு போங்க, "கவனக்குறைவு"ன்னு டீச்சர் எழுதினது அங்க பெரிய சாட்சி. போறதுக்கு தயக்கமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு கவர்மெண்டோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

மாத்திரை காலம்பூரான்னு ஒண்ணும் இல்ல, பாத்து பாத்து கூட்டுவாங்க, கொறைப்பாங்க, நிறுத்துவாங்க. ஏடிஹெச்டி மாத்திரைல மெத்தில்ஃபெனிடேட்னா போட்ட அன்னிக்கே பலன் தெரியும், சில மணி நேரத்துல அந்த பலன் எறங்கிடும். அட்டோமாக்ஸெட்டின்னு இன்னொண்ணு, அது பிடிக்க சில வாரம் ஆவும். எதுக்கும் முன்ன பிபி, நாடித்துடிப்பு பாக்கணும். பொண்ணோட மாத்திரைய எடுத்து போட்டுப் பாக்குற வேல மட்டும் வேணாம்கா.

தஞ்சை ஹாஸ்டல்வாசி:
எனக்கு 21, காலேஜ் வந்தபெறகுதான் கண்டுபுடிச்சாங்க, வீட்ல இருந்தவரைக்கும் அம்மாதான் என் மூளை. ஒரு விஷயம், பீரியட்ஸுக்கு முந்தின வாரம் அதே மாத்திரை வேலையே செய்யாத மாதிரி இருக்கும். காலண்டர்ல குறிச்சு வச்சு டாக்டர்ட்ட காட்டினேன், அத பாத்துத்தான் நேரத்த மாத்தி குடுத்தாங்க. நீங்களும் இப்பலேர்ந்தே குறிங்க ஆன்ட்டி, தேதி, தூக்கம், எது சொதப்புச்சுன்னு.

மாயவரத்தம்மா:
எனக்கும் ஏடிஹெச்டிதான், கைக்குழந்தையோட திண்டாடுனவ நானு. வயித்துல புள்ள தங்கினதும் டாக்டர்ட்ட கேட்டுதான் மாத்திரைய நிறுத்தினேன், பெத்தபெறகு தூக்கமும் போயி மாத்திரையும் இல்லாம அந்த காலம் இருக்கே, சொல்லி மாளாது. குழு கணக்குக்கு ஒரு வழி சொல்றேன். நீங்க பணத்த தொடாதீங்க, பக்கத்துல இன்னொருத்தங்கள உக்கார வச்சு அவங்க வாங்கட்டும், நீங்க எழுதுங்க, பேருக்கு நேரா டிக் போட்டாத்தான் அடுத்த ஆளு. வட்டிக்கு, நெல்லு போட்ட காசு அக்கவுண்ட்ல ஏறுன அன்னிக்கே சொசைட்டிக்கு போயிட்டு அப்புறம் வீட்டுக்கு வாங்க. அலாரத்த நம்பாதீங்க, அடுப்படில நிக்கும்போது அடிக்கும், அமத்திட்டு மறந்துடுவோம்.

மன்னார்குடி மருமக:
எல்லாருக்கும் நன்றி. ரேங்க் கார்டு எங்கம்மா வீட்டு பரண்ல கெடக்கலாம், கேக்குறேன். நர்ஸ் தங்கச்சி, எம் பொண்ண பாக்குற டாக்டரே என்னையும் பாப்பாரா?

கும்மோணம் நர்ஸ்:
அவரு மனநல டாக்டர்னா பாப்பாருக்கா. கொழந்தைங்க டாக்டர்னா முடியாது, பெரியவங்கள பாக்குறவங்களுக்கு எழுதித்தர சொல்லுங்க. ரத்த டெஸ்ட் ரிசல்ட்ட கையோட கொண்டு போங்க.