மாருதி 800 எம்பிஎஃப்ஐ வண்டியில் டர்போ பொருத்தலாமா?

கீழக்கரை_800:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 2003-இல் வாங்கிய மாருதி 800 எம்பிஎஃப்ஐ வண்டியை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். ஊருக்குள் சுற்றுவதற்கு இதுவே தாராளம். ஆனால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியையும் போட்டு இராமேசுவரம் போகும்போது, பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்துவிட்டால் மூன்றாம் கியரில் இழுவை இல்லாமல் இரண்டுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இப்படி இல்லை.

இராமநாதபுரத்தில் ஒரு காயலான் கடையில் 1.4 லிட்டர் டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். விரலால் சுண்டினால் தடையின்றிச் சுழல்கிறது, தண்டில் ஆட்டமும் இல்லை. சுசுகி நிறுவனமே 1987-இல் ஜப்பானில் ஆல்ட்டோ வொர்க்ஸ் காரின் 543 சிசி இன்ஜினில் டர்போ வைத்து 64 குதிரைத்திறன் எடுத்திருக்கிறது. ஆகவே 0.4 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) வைத்தால் நம் இன்ஜின் தாங்கும் என்று நினைக்கிறேன். ஈசியூ என்னும் இன்ஜின் கணினியையும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் மாற்றாமல், பெட்ரோல் பிரஷரை மட்டும் கூட்டினால் போதும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். இது சரிதானா?

பாம்பன்_இன்ஜின்கடை:
தம்பி, நான் இருபது ஆண்டுகளாக விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். டர்போவைக் கழற்றி மாட்டுவது எங்களுக்கு அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தை அப்படியே பெட்ரோல் இன்ஜினுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்திருப்பதால் எழுதுகிறேன்.

டீசல் இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு அதிகமாகப் போனாலும் கெடுதல் இல்லை. டீசல் கூடினால்தான் சூடு கூடும். பெட்ரோல் இன்ஜினில் இது தலைகீழ். காற்று கூடி, அதற்கு ஈடாகப் பெட்ரோல் வரவில்லை என்றால், ப்ளக் பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே மீதமுள்ள கலவை தானாக வெடித்துவிடும். பூஸ்ட் கூடும்போது ஸ்பார்க் நேரத்தையும் பின்தள்ளியாக வேண்டும், இல்லாவிட்டாலும் இதே கதிதான். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு காரில் பிஸ்டனை வெளியே எடுத்தபோது, அதைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையில் இருக்கும் அலுமினிய விளிம்பு பிஸ்கட்டைக் கடித்ததுபோல உடைந்திருந்தது. ஓட்டியவர் காதில் விழுந்ததெல்லாம், சில்லறைக் காசைத் தகர டப்பாவில் குலுக்கியது போன்ற சத்தம் சில நிமிடங்கள்தான்.

நீங்கள் வாங்கியது டீசல் டர்போ என்பதையும் கவனியுங்கள். டீசல் காரின் புகை பொதுவாக 750, 800 டிகிரியைத் தாண்டாது. பெட்ரோல் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால் 900-க்கு மேல் போகும். அந்தச் சூட்டுக்கு வார்க்கப்படாத டர்பைன் உறை (டர்போவில் புகை பாயும் பகுதி) விரிசல் விடும். கையால் சுற்றிப் பார்ப்பது பேரிங்கைப் பற்றி மட்டுமே சொல்லும், உலோகத்தைப் பற்றிச் சொல்லாது.

தொண்டி_டியூனர்:
படகுக்கார அண்ணன் சொன்னதற்குக் கணக்கைச் சேர்க்கிறேன்.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். நம் கடற்கரையில் 35 டிகிரி வெயிலில் 0.4 பார் பூஸ்ட் வைத்தால், சிறிய டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 80 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து போவதால், 40 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 20 சதவீதம்தான். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வைத்து 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 33 சதவீதம் வரை கிடைக்கும், தானாக வெடிக்கும் அபாயமும் குறையும். ஆகவே இந்த ஊரில் இன்டர்கூலர் இல்லாத டர்போவை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதன் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடும் என்பதால், தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

பிரஷரை மட்டும் கூட்டுவது பற்றி: இன்ஜெக்டர் வழியாகப் பாயும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 30 சதவீதம் கூடுதலாக வேண்டுமென்றால் அழுத்தத்தை 1.7 மடங்கு ஆக்க வேண்டும். 3 பார் இருந்த இடத்தில் 5 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பம்ப் அந்த அழுத்தத்தில் போதிய அளவு தள்ளாது, குழாய் இணைப்புகளும் கசியத் தொடங்கும். இன்ஜின் அறைக்குள் பெட்ரோல் கசிவதைவிட ஆபத்தான ஒன்று இல்லை. மேலும், இந்த வண்டியின் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் பூஸ்ட் ஏறுவது ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது. எனவே பூஸ்டை அளக்கும் சென்சார், நிரல் மாற்றக்கூடிய ஈசியூ, பெரிய இன்ஜெக்டர், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்க வேண்டாம். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 12-ஐ ஒட்டி, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று என்று நிற்க வேண்டும். ஆல்ட்டோ வொர்க்ஸ் ஓடியதும் டர்போவுக்கென்றே அமைத்த இன்ஜினில்தான்.

இவ்வளவும் செய்யும் முன் கம்ப்ரெஷன் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) எவ்வளவு என்று பார்த்தீர்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பரமக்குடி_வாசகன்:
சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்திருக்கிறது. 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகையும் சிக்கலில் மாட்டும். உங்கள் 2003 வண்டி பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போக வேண்டியது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கீழக்கரை_800:
மூவருக்கும் நன்றி. நேற்று இன்ஜினைச் சூடாக்கி, மூன்று ப்ளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி கேஜ் வைத்துப் பார்த்தோம். முதல் சிலிண்டர் 165, இரண்டாவது 160, மூன்றாவது 120 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மீண்டும் பார்த்தபோதும் 125-ஐத் தாண்டவில்லை.

தொண்டி_டியூனர்:
சிலிண்டர்களுக்கு இடையே ஒரு பார், அதாவது 14 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. உங்களுக்கு 45 இருக்கிறது. ஆயில் ஊற்றியும் ஏறவில்லை என்றால் ரிங் தேய்மானம் இல்லை, பெரும்பாலும் வால்வு சரியாக அமரவில்லை. முதலில் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) சரிபார்த்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வால்வைக் கிரைண்டிங் செய்து, கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். மூன்றில் ஒரு சிலிண்டர் பாதி வேலை செய்யும்போது பாம்பன் ஏற்றத்தில் வண்டி திணறத்தான் செய்யும்.

பாம்பன்_இன்ஜின்கடை:
தம்பி, ஹெட்டை இறக்கும்போது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள். எரிந்து பள்ளம் விழுந்திருந்தால் கிரைண்டிங் போதாது, வால்வையே மாற்ற வேண்டும். அந்த டர்போவின் துளைகளைத் துணியால் அடைத்து, எண்ணெய் பூசி, உப்புக்காற்று படாத இடத்தில் வையுங்கள். வண்டி சரியான பிறகு ஒரு நாள் நால்வருடன் ஏசி போட்டுப் பாலம் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.