‘உறங்கு வித்தி’ வேண்டாம், ‘தங்கு வித்தி’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

வாழை வாடல் நோயை உண்டாக்கும் பங்கசின் (பூஞ்சையின்) தடித்த சுவருள்ள வித்தியான (spore) கிளமிடோஸ்போருக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் சென்னை நண்பர் முன்வைத்த ‘உறங்கு வித்தி’யை என்னால் ஏற்க முடியவில்லை. திருகோணமலையில் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துச் செய்கையாளர்களிடம் ‘உறக்கம்’ என்றால் விதைநெல்லின் உறக்கம்தான் நினைவுக்கு வரும். அது சில கிழமைகளில் கலைந்துவிடும். பியூசேரியம் ஒக்சிஸ்போரம் என்ற அந்தப் பங்கசு மண்ணில் விட்டுச்செல்லும் இந்த வித்தியோ, வாழையே இல்லாத நிலத்திலும் 20, 30 ஆண்டுகள் கிடக்கும். வாழை வேரின் கசிவு பட்டதும் முளைக்கும்.

நோயை அடையாளம் காண்பதில் பெரிய சிக்கல் இல்லை. முதிர்ந்த இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகி, காம்பொடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். தண்டின் அடி நெடுக வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் நீர் கடத்தும் கலன்களில் செங்கபிலக் கோடுகள் தெரியும். (வெட்டிய துண்டைத் தெளிந்த நீரில் பிடிக்கும்போது வெண்ணிறக் கசிவு இழையாக இறங்கினால் அது பற்றீரியா வாடல், அதற்கு வேறு வைத்தியம்.) தடுமாற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான். மரத்தைத் தறித்து, ஒரு போகம் நிலத்தைச் சும்மா விட்டு, அதே குழியில் மறுபடி கோழிக்குட்டு வாழையின் குட்டியை (பக்கக்கன்றை) நடுகிறார்கள். கோழிக்குட்டும் தமிழ்நாட்டு ரஸ்தாளியும் ஒரே இனம். இந்த நோய்க்கு எளிதில் இரையாவதும் அதுதான். நோயுற்ற மரத்தின் குட்டி வெளிப்பார்வைக்கு நலமாக இருந்தாலும் கிழங்குக்குள் பங்கசு இருக்கலாம். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணும் மாரி வெள்ளமும் மிச்சத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும். மண்ணிலிருந்து இதை முற்றாக ஒழிக்கும் மருந்து கிடையாது. நோயற்ற இழைய (திசு) வளர்ப்புக் கன்று, எதிர்ப்புள்ள இனம், கருவிகளைக் கழுவும் பழக்கம் இவைதாம் வழி. இழைய வளர்ப்புக் கன்றையும் அதே குழியில் நட்டால் பலன் இல்லை. ஏன் என்று கேட்பவருக்குப் பதில் அந்த வித்தியின் பெயரிலேயே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் முன்வைத்த ‘தடிச்சுவர் வித்தி’ பிழையற்றது. ‘கிளமிடோ’ என்பதன் கிரேக்க மூலமும் மேலங்கியைத்தான் குறிக்கிறது. ஆனால் அது நுண்ணோக்கியில் கண் வைத்தவருக்கான சொல். மண்வெட்டி பிடித்தவருக்குச் சுவர் தடிப்போ மெலிவோ, என்ன வந்தது?

‘தங்கு வித்தி’ என்றால் வேறு பங்கசுகளின் ஓய்வு வித்திகளையும் அது குறித்துவிடுமே என்ற மறுப்பு நியாயமானது. அதனால் தங்கு வித்தியைப் பொதுச்சொல்லாக வைத்து, பாடநூலில் துல்லியம் வேண்டிய இடத்தில் ‘தடிச்சுவர்த் தங்கு வித்தி’ என்று எழுதலாம். செய்கையாளருக்கான துண்டுப்பிரசுரத்துக்குத் ‘தங்கு வித்தி’ போதும்.

இச்சொல்லின் பதிவுக்கு என் வரைவு:

தங்கு வித்தி: பயிர் இல்லாத காலத்திலும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு தங்கி, ஏற்ற வேர் கிடைத்ததும் முளைக்கும் பங்கசு வித்தி.

‘வித்தி’ தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லை என்றால் அங்கே ‘தங்கு வித்து’ என்று போடுங்கள். எங்கள் பக்கம் வித்து என்றால் விதை. அந்த மாற்றத்தை இங்கே ஏற்க முடியாது.