கலைச்சொல்: ‘நான் கம்பீட்’ ஷரத்துக்குப் ‘போட்டியின்மை’ சரிவராது

அன்புள்ள ஐயா, குழுவினருக்கு வணக்கம். ‘நான் கம்பீட்’ என்பது, நிறுவனத்தோடு போட்டியிடும் தொழிலையோ வேலையையோ செய்யமாட்டேன் என்று ஊழியர் ஒப்பந்தத்தில் தரும் உறுதி. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்பதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘போட்டியின்மை ஒப்பந்தம்’ எனக் கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் பொருள் மாறிவிடுகிறது. இன்மை என்பது ஒன்று இல்லாத நிலை. சந்தையில் ஒரே ஒரு விற்பனையாளர் இருந்தால் அது போட்டியின்மை. நமக்கு வேண்டியது ஒருவர் ஒன்றைச் செய்யமாட்டேன் என்று தரும் உறுதி. அதற்குத் தமிழில் ‘ஆமை’ ஈறு ஆயத்தமாக இருக்கிறது: புறங்கூறாமை, கள்ளுண்ணாமை. ஆகவே ‘போட்டியிடாமை’ என்கிறேன்.

> ‘போட்டித் தடை’ அல்லது ‘போட்டி விலக்கு’?

‘விலக்கு’ என்றதும் வரிவிலக்கு, மதுவிலக்கு இரண்டும் நினைவுக்கு வரும். ஒன்று சலுகை, மற்றொன்று தடை. ஒப்பந்தச் சொல் இப்படி இரு பக்கமும் ஆடக்கூடாது. ‘தடை’ இன்னும் ஆபத்தானது. வேலை நியமனக் கடிதத்தில் ‘போட்டித் தடை: 2 ஆண்டு’ என்று படிப்பவர், சட்டமே தம்மைத் தடுக்கிறது என்று எண்ணி நல்ல வேலையைக் கைவிடுவார். உண்மை நேர்மாறானது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. வணிகத்தை அதன் நற்பெயரோடு விற்பவர் தரும் உறுதிக்கு மட்டும் அங்கே விதிவிலக்கு உண்டு.

இந்தச் சொல்லில் காலமும் தெரியவேண்டும். சட்டம் பிரிவது அங்கேதான். கோலிகாரி வழக்கில் (1967) டயர் நூல் தயாரிப்பில் பயிற்சி பெற்றவர் 5 ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவிலேயே போட்டி ஆலைக்குப் போனார். மீதிக் காலத்துக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கில் (2006) ஒப்பந்தம் முடிந்தபின்னும் நீண்ட கட்டுப்பாடு 27ஆம் பிரிவின்படி செல்லாது என்றது. ஆகவே ஒரே தலைச்சொல்லின் கீழ் இரண்டு பதிவுகள் வேண்டும்: ‘பணிக்காலப் போட்டியிடாமை’, ‘பணி நீங்கியபின் போட்டியிடாமை’. அடைமொழி இல்லாமல் எழுதினால் செல்லுபடியாவதும் ஆகாததும் ஒரே பெயரில் நடமாடும்.

> போட்டியிடுதல் என்றால் தேர்தல் அல்லவா தோன்றும்?

செய்தித்தாளில் தோன்றும். பணி ஒப்பந்தத்தில் வைத்துப் பாருங்கள், அம்மா: “பணியாளர் பணியில் இருக்கும்வரை நிறுவனத்தின் தொழிலோடு போட்டியிடும் தொழிலை நடத்தவோ அதில் வேலை ஏற்கவோ மாட்டார்.” மயக்கம் எதுவும் இல்லை. ‘போட்டிப்பணி ஏற்காமை’ என்ற மாற்றும் வந்தது. அது வேலைக்கு மட்டும் பொருந்தும், சொந்தமாகத் தொழில் தொடங்குவதை விட்டுவிடும்.

இதே ஈறு ஒரு குடும்பத்தையே தருகிறது. நிறுவன இரகசியத்தைக் காக்கும் ஒப்பந்தம் ‘வெளியிடாமை’. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளரையோ சக ஊழியரையோ தன் பக்கம் இழுக்கமாட்டேன் என்பது ‘ஈர்க்காமை’. மூன்றையும் ஒரே பத்தியில் திணிப்பதுதான் வழக்கமான பிழை. படிப்பவருக்கு எது எதுவரை என்று தெரியாமல் போகும். வெளியிடாமை பணி முடிந்தபின்னும் தொடரலாம். வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுத்துப் போவது வேறு, பழகிய திறமையோடு போவது வேறு. திறமை ஊழியருடையது. தனித்தனித் தலைப்பு இருந்தால் இந்த வேறுபாடு தாளிலேயே தெரியும்.

‘பாண்டு’ என்று எல்லோரும் சொல்வதை இதில் கலக்கவேண்டாம். அது குறிப்பிட்ட காலம் வேலை செய்வேன், இல்லையேல் பணம் கட்டுவேன் என்பது. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பணிக்காலத்தில் செயல்படுவது, 27ஆம் பிரிவில் அடிபடாது. ‘பணிப்பிணை’ அதற்குப் போதும்.

ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையைக் குறிக்கும் ‘கிளாஸ்’ (clause) என்பதற்குக் ‘கூறு’ என்று எழுதுவோம். பத்திர எழுத்தரும் வழக்கறிஞரும் ‘ஷரத்து’ என்றே சொல்வதால் அதையும் இணைச்சொல்லாக வைத்துக்கொள்வோம். ‘பிரிவு’ சட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

‘கார்டன் லீவ்’ மட்டும் நிலுவையில் நிற்கிறது. ‘தோட்ட விடுப்பு’ வேண்டவே வேண்டாம். விடுப்பு என்றால் ஊழியர் கேட்டு வாங்குவது, இருப்பிலிருந்து கழிவது. இதிலோ ராஜினாமா அறிவிப்புக் காலத்தில் முழுச் சம்பளம் தந்து, அலுவலகத்துக்கு வராதே என்று நிறுவனமே சொல்கிறது. வேலை உறவு முடியவில்லை, ஆகவே வேறிடம் சேரவும் முடியாது. ‘பணியிடை நீக்கம்’ என்றால் தண்டனை வாடை அடிக்கும். ‘சம்பளத்துடன் ஒதுங்கியிருத்தல்’ வரைதான் வந்திருக்கிறேன். இன்னும் கச்சிதமாகத் தோன்றினால் எழுதுங்கள்.