கூரையில்லாத மாளிகையில் அப்பாவோடு ஒரு நாள்

போன ஜூன் மாதம் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். லண்டனைச் சுற்றிக் காட்டியபோது அதிகம் பேசவில்லை. பர்மிங்ஹாமிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் விட்லி கோர்ட்டுக்குக் கூட்டிப்போன அன்றுதான் மனசு விட்டுப் பேசினார்.

வூஸ்டர்ஷையரில், வயல்களுக்கு நடுவே, எரிந்துபோன மாளிகை அது. கார் நிறுத்தத்திலிருந்து மரநிழலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் முழு அரண்மனைதான். கிட்டே போனதும் ஜன்னல் வழியாக அந்தப் பக்கத்து ஆகாயம் தெரிகிறது. கூரையும் இல்லை, மாடித் தளமும் இல்லை. முதல் மாடிச் சுவரில் ஒரு கணப்படுப்பு, அதன் முன்னால் நிற்கத் தரையே இல்லாமல், அந்தரத்தில் நிற்கிறது. யாரோ குளிருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்த இடம். அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்பாவின் கண் சுவரிலேயே இருந்தது. "வெளியில கல்லு, உள்ள செங்கல் பாருடா. ரெண்டும் ஒரே காலத்து வேலை இல்ல" என்றார். சரியாகத்தான் சொன்னார். அடியில் இருப்பது 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடு. 1655இல் ஃபோலி என்ற இரும்புத் தொழில் குடும்பம் வாங்கியது. சுருள்தலைத் தூண்கள் வைத்த பிரம்மாண்டமான முகப்பு மண்டபங்கள் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் கட்டியவை. 1837இல் மாளிகை வார்டு குடும்பத்திடம் போனது. நிலக்கரி, இரும்புச் சுரங்கங்களில் குவித்த பணம் அவர்களுடையது. பின்னாளில் டட்லி பிரபுவான வில்லியம் வார்டு, 1850களில் சாமுவேல் டாக்ஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து வீடு முழுவதையும் பாத் என்ற ஊர்ப் பக்கத்துக் கல்லால் போர்த்தினார். தீயில் அந்தப் போர்வை கிழிந்த இடங்களில் செங்கல் தெரிகிறது.

தெற்குப் பக்கம் இறங்கினால் தோட்டம். வில்லியம் நெஸ்ஃபீல்டு என்ற தோட்டக் கலைஞர் 1854 முதல் வடிவமைத்தது. குட்டையாக வெட்டிய பச்சைச் செடிகளைக் கோலம் போட்ட மாதிரி வளைத்து வளைத்து நட்டிருக்கிறார்கள். மாடியிலிருந்து பார்ப்பதற்கென்றே போட்ட கோலம். இன்று ஏறிப் பார்க்க மாடி இல்லை. நடுவில் கிரேக்கப் புராணக் காட்சி ஒன்றைச் சிலையாக வடித்த பெர்சியஸ் நீரூற்று: சங்கிலியில் கட்டுண்ட ஆண்ட்ரோமீடா, பறக்கும் குதிரையில் பாய்ந்து வரும் பெர்சியஸ், கீழே வாயைப் பிளந்த கடல் பூதம்.

கோடையில் மணிக்கொரு தடவை நீரூற்றை இயக்குகிறார்கள். தயவுசெய்து காத்திருந்து பாருங்கள். முதலில் ஒரு உறுமல், பிறகு பூதத்தின் வாயிலிருந்து தண்ணீர் எகிறுகிறது. அந்தக் காலத்தில் 120 அடி உயரம் போனதாம். தள்ளி இருந்த குளத்திலிருந்து நீராவி எஞ்சின் தண்ணீரை மேட்டிலிருந்த தொட்டிக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து இறங்கும் வேகத்திலேயே இங்கே பீய்ச்சும். "நம்ம ஊரு மேல்நிலைத் தொட்டிதான்" என்று அப்பா உடனே பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் தீ விபத்தைப் பற்றிச் சொன்னேன். டட்லி குடும்பம் நொடித்துப்போய் 1920இல் கிடர்மின்ஸ்டர் கம்பள ஆலை அதிபர் ஒருவருக்கு விற்றது. 1937 செப்டம்பர் 7 இரவு அடித்தளத்து ரொட்டி அடுப்புப் பக்கம் தீ பிடித்ததாகச் சொல்கிறார்கள். இப்படி ஒரு நாள் வந்தால் உதவட்டும் என்று நீரூற்றோடு இணைத்து வைத்திருந்த தீயணைப்புப் பம்புகள் பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்ததால் இயங்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டா எரிய விட்டாங்க?" என்றார்.

தீ வீட்டின் ஒரு பகுதியைத்தான் பெருமளவு தின்றது. மிச்சத்தைத் தின்றது மனுஷன். 1954இல் பழைய சாமான் வியாபாரி கைக்குப் போனதும் ஈயம், கணப்படுப்பு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி விற்றார்கள். செட்டிநாட்டில் தேக்குத் தூணை லாரியில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு இது தீயைவிட அதிகம் வலித்தது. 1972இல் அரசுப் பாதுகாப்புக்கு வந்ததால்தான் இந்தச் சுவராவது மிஞ்சியது. இன்று இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற பழஞ்சின்னப் பாதுகாப்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

ஒட்டியே இருக்கும் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 1735இல் திறந்தது, தீ அதைத் தொடவில்லை. உள்ளே வெள்ளையும் பொன்னுமாகக் கண் கூசுகிறது. கூரை ஓவியங்களும் வண்ணக் கண்ணாடிகளும் கேனன்ஸ் என்ற வேறொரு மாளிகையின் கோயிலிலிருந்து வந்தவை. அந்த மாளிகையை 1747இல் ஏலம்விட்டு இடித்தபோது ஃபோலி பிரபு வாங்கி வந்திருக்கிறார். இடிந்த ஒரு வீட்டின் அழகு, பின்னால் இடியப்போகும் இன்னொரு வீட்டின் பக்கத்தில் வந்து பத்திரமாக இருக்கிறது.

அப்பா கழுத்தை அண்ணாந்து கூரையிலும் சுவரிலும் இருந்த பூவேலையை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல சுதை வேலை. சுண்ணாம்ப நல்லா அரைச்சிருக்கான்" என்றார். அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். சுதை இல்லையாம், காகிதக் கூழ். பொன் பூசியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னதும் நம்பவில்லை. எழுந்து சுவரோரம் போய், தொடாமல், விரலை ஒரு சாண் தள்ளி வைத்தபடி ஒவ்வொரு இலையாக வரைந்துகொண்டே நடந்தார். "காகிதமா... காகிதமா..." என்று அவருக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

வெளியே வந்தபோது மணி நாலு ஆகப்போகிறது. "இன்னொரு தடவை தண்ணி விடுவாங்களாடா?" என்று கேட்டார். புல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம்.